இரண்டு வரிசைப்படுத்திய அரேக்களின் மீடியன்: அந்த "வெட்டு" எப்படிச் சரியாக வருகிறது?

தேன்சிட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏறுவரிசையில் இருக்கும் இரண்டு அரேக்கள், அதாவது எண் பட்டியல்கள். ஒன்றில் ம எண்கள், இன்னொன்றில் ந எண்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் கிடைக்கும் மீடியன், அதாவது இடைநிலை அளவு, என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் நடுவில் இருக்கும் எண். இரட்டைப்படை என்றால் நடுவில் இருக்கும் இரண்டின் சராசரி. நிரல் பயிற்சிக் கணக்குகள் இருக்கும் லீட்கோட் தளத்தில் 4ஆம் கணக்காக, "கடினம்" என்ற அடையாளத்தோடு இருப்பது இதுதான்.

இரண்டையும் மெர்ஜ் செய்து, அதாவது ஒரே வரிசையாகச் சேர்த்து, நடுவில் இருப்பதை எடுக்கத் தெரியும். அது ஓ(ம+ந), அதாவது மொத்த எண்ணிக்கைக்கு ஏற்ப நேரம் கூடும். கேட்பதோ லாக் நேரத்தில், அதாவது எண்ணிக்கை இரட்டித்தாலும் ஒரு படி மட்டுமே கூடும் வேகத்தில். தேடிப் பார்த்தால் எங்கு போனாலும் ஒரே நிரல்தான் கிடைக்கிறது: சிறிய அரேயில் பைனரி சர்ச் (தேடும் பரப்பை ஒவ்வொரு முறையும் பாதியாக்கும் தேடல்), இரண்டு அரேயிலும் ஒரு வெட்டு (இடது, வலது எனப் பிரிக்கும் இடம்), வெட்டைச் சுற்றி நான்கு எண்களை ஒப்பிடு, ஓரத்துக்குப் போனால் முடிவிலியைப் போடு. ஓட்டினால் விடை சரியாக வருகிறது. ஆனால் அதை மூடி வைத்துவிட்டு வெற்றுத் திரையில் எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது.

எனக்குப் புரிய வேண்டியது நிரல் இல்லை, காரணம். பாதியைக் கணக்கிடும்போது அந்த +1 எங்கிருந்து வந்தது? ஏன் சிறிய அரேயில்தான் தேட வேண்டும்? முக்கியமாக, இங்கே பைனரி சர்ச் செல்லும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தேடினால் சரி. இங்கே தேடும் எண் எது என்றே தெரியாதே.

---

ஆழி எழுதியது:

லாக் பக்கம் போவதற்கு முன்னால் ஒன்று. மெர்ஜ் வழியிலேயே முழு அரேயையும் உருவாக்கத் தேவையில்லை. இரண்டு அரேக்கும் தலா ஒரு பாயின்டர் (எந்த இடத்தில் நிற்கிறோம் என்ற குறி) வைத்து, எது சிறியதோ அதை ஒரு படி நகர்த்திக்கொண்டே போங்கள். நடுவரை நடந்தால் போதும். கடைசியாகக் கடந்த இரண்டு எண்களை மட்டும் கையில் வைத்திருந்தால் ஒற்றை, இரட்டை இரண்டுக்கும் விடை வந்துவிடும். கூடுதல் நினைவகம் கிட்டத்தட்ட இல்லை. பைத்தானில் ஹீப்க்யூ தொகுதியில் இருக்கும் மெர்ஜ், கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத்தான் கொடுக்கும். அதை வைத்து இன்னும் சுருக்கமாக எழுதலாம்.

லாக் நிரலை எழுதிய பிறகும் இதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது சரியா என்று பார்க்க இதைவிட நம்பகமான துணை கிடையாது.

---

ஓடை எழுதியது:

ஒரு சந்தேகம். இரண்டு அரேயும் ஏற்கெனவே வரிசையில் இருப்பதால், ஒவ்வொன்றின் மீடியனையும் ஒரே எட்டில் எடுத்துவிடலாம் இல்லையா? அந்த இரண்டின் சராசரியை எடுத்தால் ஏன் ஆகாது? அளவு வேறுபட்டால் அதற்கேற்ப எடை கொடுத்துக்கொள்ளலாமே.

---

குறிஞ்சி எழுதியது:

ஆகாது. [1, 2, 9] ஒன்று, [3, 4, 5, 6, 7] இன்னொன்று. மீடியன்கள் 2, 5. சராசரி 3.5. அளவுக்கேற்ப எடை கொடுத்தால் (3×2 + 5×5)/8, அதாவது 3.875. சேர்த்து அடுக்கினால் 1, 2, 3, 4, 5, 6, 7, 9. உண்மையான மீடியன் 4.5. எடை போட்டாலும் போடாவிட்டாலும் தப்பு. மீடியன் என்பது இடத்தைப் பற்றிய விஷயம், கூட்டல் வகுத்தல் அதைத் தொடுவதே இல்லை. அந்த 9 இருக்கும் இடத்தில் 9000 இருந்தாலும் விடை மாறாது, பாருங்கள்.

ஆனால் ஓடை சொன்னதில் ஒரு நல்ல விதை இருக்கிறது. இரண்டு மீடியன்களை ஒப்பிட்டால் விடை கிடைக்காது; எதையெல்லாம் தூக்கி எறியலாம் என்பது மட்டும் தெரியும். அதை அப்படியே விரித்தால் "கே-வது சிறிய எண்" முறை வரும். அதிலிருந்து தொடங்குவது எனக்கு எப்போதும் எளிதாகப் படும்.

அரேக்களுக்கு ப, ச என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கே-வது இடத்தில் வரும் எண் வேண்டும். ப-வில் கே/2-வது எண்ணையும் ச-வில் கே/2-வது எண்ணையும் பாருங்கள். ப-வில் இருப்பது சிறியது என்று வைப்போம். அந்த எண்ணுக்கு முன்னால் எத்தனை பேர் இருக்க முடியும்? ப-வில் அதற்கு முன் கே/2 − 1 பேர். ச-வில் அதிகபட்சம் கே/2 − 1 பேர், ஏனென்றால் ச-வின் கே/2-வது எண்ணே அதைவிடப் பெரியது. ஆக மொத்தம் கே − 2 பேருக்கு மேல் போகாது. அது கே-வது இடத்துக்கு வரவே முடியாது. அதற்கு முன்னால் ப-வில் இருப்பவர்களும் அப்படித்தான். அத்தனை பேரையும் கண்ணை மூடிக்கொண்டு விலக்கலாம். எத்தனை பேரை விலக்கினோமோ அதை கே-யிலிருந்து கழித்துவிட்டு மறுபடி இதையே செய்ய வேண்டியதுதான். இரண்டும் சமம் என்றாலும் இந்த வாதம் நிற்கும், எந்தப் பக்கத்தை விலக்கினாலும் பரவாயில்லை.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

ப = [3, 5, 6, 8, 9]
ச = [10, 12, 14, 17, 21, 25, 28, 33]

மொத்தம் 13, எனவே 7-வது எண் வேண்டும். 7/2 என்பது, மீதியை விட்டால், 3. ப-வில் மூன்றாவது 6, ச-வில் மூன்றாவது 14. 6 சிறியது, எனவே ப-வின் முதல் மூன்றும் போச்சு. கே இப்போது 4. மீதி ப = [8, 9]. 4/2 என்பது 2. ப-வில் இரண்டாவது 9, ச-வில் இரண்டாவது 12. 9 சிறியது, அந்த இரண்டும் போச்சு. கே இப்போது 2, ப காலி. ச-வில் இரண்டாவது எண் 12. அதுதான் விடை.

ஒவ்வொரு சுற்றிலும் கே பாதியாகிறது, எனவே ஓ(லாக்(ம+ந)). கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஓர் அரேயில் கே/2 எண்கள் இல்லாவிட்டால் இருக்கும் வரை எடுத்துக்கொள்ளுங்கள். விலக்கும்போது உண்மையில் எத்தனை எடுத்தீர்களோ அதைத்தான் கே-யிலிருந்து கழிக்க வேண்டும். கே 1 ஆகிவிட்டால் இரண்டு தலைகளில் சிறியதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், இல்லையென்றால் கே/2 பூச்சியமாகி லூப் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

---

தேன்சிட்டு எழுதியது:

குறிஞ்சி அக்கா, இது தெளிவாகப் புரிகிறது. "முன்னால் எத்தனை பேர் இருக்க முடியும்" என்று எண்ணுவதுதான் சாவி. ஆனால் வெட்டு முறைக்கு ஓ(லாக்(சிறிய அரேயின் அளவு)) என்கிறார்களே, அது இதைவிட நல்லதுதானே? அந்தக் காரணமும் தெரிந்தால் நிம்மதி.

---

செங்காந்தள் எழுதியது:

வெட்டு முறையைப் பொறுமையாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் கேள்வியிலேயே விடை ஒளிந்திருக்கிறது. "தேடும் எண் எது என்றே தெரியாதே" என்றீர்கள். இந்த முறையில் நாம் எந்த எண்ணையும் தேடவில்லை. தேடுவது ஒரு எண்ணிக்கையை: ஒன்றாக அடுக்கிய வரிசையின் இடது பாதியில் ப-விலிருந்து எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்த எண்ணிக்கைக்கு இ என்று பெயர் வைப்போம். அது 0 முதல் ம வரை எதுவாகவும் இருக்கலாம். அவ்வளவுதான் தேடல் பரப்பு.

இடது பாதியின் அளவை (ம+ந+1)/2 என்று எடுத்து மீதியை விட்டுவிடுகிறோம். இதை "பாதி" என்று அழைப்போம். மொத்தம் 12 என்றால் பாதி 6, மொத்தம் 13 என்றால் பாதி 7. அந்த +1 செய்வது இவ்வளவுதான்: ஒற்றைப்படையில் நடு எண்ணை எப்போதும் இடது பக்கம் உட்கார வைக்கிறது. அதனால் ஒற்றைப்படையில் இடது பக்கத்தின் பெரிய எண்ணே விடை. இரட்டைப்படையில் இடது பக்கத்தின் பெரியது, வலது பக்கத்தின் சிறியது, இரண்டின் சராசரி. +1 போடாமலும் எழுதலாம், அப்போது நடு எண் வலது பக்கம் போகும், கடைசி வரியை அதற்கேற்ப மாற்ற வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால்தான் சிக்கல்.

ப-விலிருந்து இ பேர் என்றால், ச-விலிருந்து வர வேண்டியவர்கள் ஜ = பாதி − இ. இதில் நமக்குச் சுதந்திரமே இல்லை. தராசுத் தட்டு மாதிரி, இ ஒன்று ஏறினால் ஜ ஒன்று இறங்கும்.

ஒரு வெட்டு சரி என்று எப்போது சொல்லலாம்? இடது பக்கத்தில் இருக்கும் யாரும் வலது பக்கத்தில் இருக்கும் யாரையும்விடப் பெரியவராக இருக்கக் கூடாது. ஒரே அரேக்குள் அது தானாகவே உண்மை, வரிசையில்தானே இருக்கிறார்கள். குறுக்கே மட்டும் பார்த்தால் போதும் (இன்டெக்ஸ், அதாவது இட எண், 0-விலிருந்து தொடங்குகிறது):

    ப[இ−1] <= ச[ஜ]
    ச[ஜ−1] <= ப[இ]

நான்கு எண்களை ஒப்பிடு என்று எல்லோரும் எழுதுவது இதைத்தான். முதலாவது உடைந்தால் ப-விலிருந்து அதிகம் எடுத்துவிட்டோம், இ-யைக் குறைக்க வேண்டும். இரண்டாவது உடைந்தால் ப-விலிருந்து போதிய அளவு எடுக்கவில்லை, இ-யைக் கூட்ட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உடையுமா என்ற பயம் வேண்டாம். உடைந்தால் ப[இ] >= ப[இ−1] > ச[ஜ] >= ச[ஜ−1] > ப[இ] என்று ஆகிவிடும்; ஓர் எண் தன்னைவிடத் தானே பெரியதாக முடியாது.

குறிஞ்சி எடுத்த அதே உதாரணம். பாதி 7. இ 0 முதல் 5 வரை.

இ = 2 என்று தொடங்கினால் ஜ = 5. ச[4] என்பது 21, ப[2] என்பது 6. 21 <= 6 இல்லை. இ போதாது, இனி 3 முதல் 5 வரை. இ = 4, ஜ = 3. ச[2] என்பது 14, ப[4] என்பது 9. இப்போதும் இல்லை. மிச்சம் இ = 5, ஜ = 2. ப-வில் வலது பக்கம் யாருமே இல்லை, அதனால் அந்தப் பக்கம் தடை இல்லை. ப[4] = 9, ச[2] = 14, 9 <= 14 சரி. இடது பக்கத்தில் ப-வின் ஐந்து பேரும் ச-வின் இரண்டு பேரும் நிற்கிறார்கள். பெரியது 12. அதே விடை.

சிறிய அரேயில் ஏன் தேட வேண்டும் என்றால், ஜ எல்லை தாண்டாமல் இருக்க. ம <= ந என்றால் பாதி எப்போதும் ம-வுக்குக் குறையாது, ந-வுக்கு மேலும் போகாது. எனவே இ 0 முதல் ம வரை எங்கே இருந்தாலும் ஜ 0-வுக்கும் ந-வுக்கும் இடையில்தான் இருக்கும். பெரிய அரேயில் தேடினால் ஜ எதிர்ம எண்ணாகப் போகும் வாய்ப்பு உண்டு, அதைத் தனியாகச் சமாளிக்க வேண்டும். சுற்றுகள் குறைவது கூடக் கிடைக்கும் லாபம்: சிறியதில் 1000 பேர், பெரியதில் 100 கோடி பேர் என்றாலும் 10 சுற்றில் முடிந்துவிடும்.

---

தேன்சிட்டு எழுதியது:

செங்காந்தள், நிறைய தெளிந்துவிட்டது. ஒரே ஒரு இடம் மட்டும். "இ போதாது, கூட்டு" என்று முடிவு செய்யும்போது, விட்டுவந்த 0, 1, 2 எதிலும் சரியான வெட்டு கிடையவே கிடையாது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? இன்னொன்று: இப்படிப் போனால் கடைசியில் ஒரு சரியான வெட்டில் போய் நிற்போம் என்பதற்கு உத்தரவாதம்?

---

நடுநிசி நிரலர் எழுதியது:

இந்த இடத்தில்தான் இந்தக் கணக்கின் அழகே இருக்கிறது. பெரும்பாலான விளக்கங்கள் இதைத் தாண்டி ஓடிவிடுகின்றன என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

இரண்டு நிபந்தனையையும் சேர்த்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ப[இ] >= ச[பாதி−இ−1]. இ-யை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் இடது கைப் பக்கம் ப[இ] குறையவே குறையாது. வலது கைப் பக்கம் ச-வின் இன்டெக்ஸ் இறங்கிக்கொண்டே போகிறது, எனவே அது கூடவே கூடாது. ஆக, இந்த நிபந்தனை ஒரு முறை உண்மையாகிவிட்டால் அதற்குப் பிறகு எல்லா இ-க்கும் உண்மை. 0 முதல் ம வரை விடைகளை எழுதிப் பார்த்தால் பொய், பொய், பொய், உண்மை, உண்மை என்றுதான் வரும். பொய் உண்மையாக மாறும் அந்த முதல் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பைனரி சர்ச். நீங்கள் கேட்ட "எதை வைத்து" என்பதற்கு இதுதான் பதில். தேடுவதற்கு வரிசைப்படுத்திய எண்கள் தேவையில்லை. ஒரே ஒரு முறை நிறம் மாறும் ஆம்/இல்லை கேள்வி இருந்தால் போதும். விட்டுவந்த 0, 1, 2 எல்லாம் "பொய்" பக்கம், அங்கே சரியான வெட்டு இருக்க வழியில்லை.

உத்தரவாதம்: இ = ம ஆகும்போது ப-வில் வலது பக்கம் யாருமில்லை, நிபந்தனை தானாகவே உண்மை. எனவே "முதல் உண்மை" கட்டாயம் உண்டு.

சரி, முதலாவது நிபந்தனை என்ன ஆயிற்று? அதைச் சரிபார்க்கவே வேண்டாம். முதல் உண்மை இ-யில் கிடைத்தது என்றால் இ−1-ல் அது பொய். இ−1-க்கு நிபந்தனையை எழுதிப் பாருங்கள்: ப[இ−1] >= ச[பாதி−(இ−1)−1], அதாவது ப[இ−1] >= ச[ஜ]. இது பொய் என்றால் ப[இ−1] < ச[ஜ]. நமக்கு வேண்டிய முதலாவது நிபந்தனையே அதுதான்! இ பூச்சியம் என்றால் ப-வில் இடது பக்கம் யாருமில்லை, சரிபார்க்க எதுவும் இல்லை.

இதைப் புரிந்துகொண்டால் நிரல் பாதியாகச் சுருங்கும்:

    ம > ந என்றால் ப, ச இரண்டையும் இடம் மாற்று
    பாதி = (ம + ந + 1) / 2    (மீதியை விடு)
    கீழ் = 0
    மேல் = ம
    கீழ் < மேல் ஆக இருக்கும்வரை:
        இ = கீழ் + (மேல் − கீழ்) / 2    (மீதியை விடு)
        ப[இ] >= ச[பாதி − இ − 1] என்றால்:
            மேல் = இ
        இல்லையென்றால்:
            கீழ் = இ + 1
    இ = கீழ்
    ஜ = பாதி − இ
    இடப்பெரியது = ப[இ−1], ச[ஜ−1] இரண்டில் இருப்பவற்றுள் பெரியது
    மொத்தம் ஒற்றை என்றால்:
        விடை = இடப்பெரியது
    இல்லையென்றால்:
        வலச்சிறியது = ப[இ], ச[ஜ] இரண்டில் இருப்பவற்றுள் சிறியது
        விடை = இரண்டின் சராசரி

லூப்புக்குள் முடிவிலி எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? உள்ளே இருக்கும்போது இ எப்போதும் ம-வைவிடக் குறைவு, அதனால் ப[இ] உண்டு. செங்காந்தள் சொன்னபடி பாதி ம-வுக்குக் குறையாது என்பதால் பாதி−இ−1 பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஓரங்களைப் பற்றிய கவலை கடைசி சில வரிகளில் மட்டும். ப காலி அரே என்றால் லூப் ஓடவே ஓடாது, இ = 0 என்று நேராகக் கீழே வந்துவிடும். இரண்டும் காலி என்றால் மீடியன் என்று ஒன்று கிடையாது, அதை மட்டும் முதலிலேயே தடுத்துவிடுங்கள்.

பைத்தான் 3.10 முதல், பைனரி சர்ச்சுக்கான பைசெக்ட் தொகுதியில் கீ என்ற அளவுரு உண்டு. இந்த ஆம்/இல்லை கேள்வியை அதற்குக் கொடுத்தால் லூப்பையே எழுத வேண்டாம்.

---

ஓடை எழுதியது:

அருமை. இதைவிட வேகமாக முடியாதா என்று ஒரு ஆசை. ஓ(1)-ல்?

---

நடுநிசி நிரலர் எழுதியது:

ஒப்பீடுகளை மட்டும் வைத்து முடியாது. மொத்தம் ஒற்றைப்படை என்று வைப்போம். ச-வின் எண்களைச் சரியாக அமைத்தால் ப-வில் இருக்கும் ம பேரில் யார் வேண்டுமானாலும் மீடியனாக வரலாம். ஆக விடையில் குறைந்தது ம வகை உண்டு. ஓர் ஒப்பீடு இருக்கும் வாய்ப்புகளை இரண்டாகத்தான் பிரிக்கும். ம வாய்ப்புகளை ஒன்றாகக் குறைக்க லாக் ம ஒப்பீடுகளாவது வேண்டும். மேலே இருக்கும் முறை கிட்டத்தட்ட அந்தக் கோட்டிலேயே நிற்கிறது.

---

ஆழி எழுதியது:

கணக்கு அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதைப் படிக்கும் புதியவர்களுக்காக ஒன்று கேட்கிறேன். அரேக்களை உள்ளே வாசிக்கவே ஓ(ம+ந) நேரம் ஆகிறது. அதற்குப் பிறகு லாக் நேரத்தில் மீடியன் எடுத்து என்ன மிச்சம்? சில டஜன் எண்களுக்கு நடந்து போகும் மெர்ஜே போதும், படிக்கவும் எளிது. லிங்க்ட் லிஸ்ட் (ஒவ்வொன்றும் அடுத்ததை மட்டும் காட்டும் பட்டியல்) என்றால் நடு எண்ணை எடுக்கவே நடந்துதான் போக வேண்டும், அங்கே வெட்டு முறைக்கு வேலையே இல்லை.

---

குறிஞ்சி எழுதியது:

ஆழி சொல்வது நேர்மையான கேள்வி. ஒரே ஒரு முறை வாசித்து ஒரே ஒரு முறை மீடியன் எடுக்கிறோம் என்றால் மிச்சம் எதுவுமில்லை, மெர்ஜ் செய்துவிட்டுப் போகலாம்.

ஆனால் தரவு ஏற்கெனவே வரிசையாக ஓரிடத்தில் இருந்தால் கதை வேறு. இரண்டு சர்வர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 10 லட்சம் எண்கள், வரிசையாக இன்டெக்ஸ் செய்யப்பட்டவை. "உன்னிடம் இத்தனையாவது இடத்தில் என்ன இருக்கிறது" என்று கேட்டால் உடனே சொல்லும். ஓர் எண்ணுக்கு 8 பைட் என்றால் ஒரு சர்வரில் இருப்பதை இங்கே இழுக்கவே 80 லட்சம் பைட் வர வேண்டும். வெட்டு முறையில் சுமார் 20 சுற்று, சுற்றுக்கு இரண்டு எண்கள். வலையில் போய்வரும் ஒவ்வொரு பயணமும் நேரம் பிடிக்கும் இடத்தில் அந்த 20 என்பது பெரிய விஷயம். நினைவகத்தில் அடங்காத இரண்டு பெரிய கோப்புகள், ஒவ்வொரு பதிவும் ஒரே நீளம், என்றாலும் இதே லாபம்தான்: தேவையான இடத்துக்குத் தாவிப் படித்துவிடலாம்.

லிங்க்ட் லிஸ்ட் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. எந்த இன்டெக்ஸுக்கும் ஒரே எட்டில் போக முடியும் என்பதுதான் இந்த முறை நிற்கும் தரை.

---

ஓடை எழுதியது:

வரிசைப்படுத்தாத அரே என்றால்?

---

செங்காந்தள் எழுதியது:

அது வேறு கணக்கு. முழுக்கச் சார்ட் செய்யாமலே மீடியன் எடுக்கலாம். டோனி ஹோர் 1961ல் வெளியிட்ட முறையைத்தான் இன்று குயிக்செலக்ட் என்கிறோம். சராசரியாக ஓ(ந), மோசமான நிலையில் ந-வின் வர்க்கம் வரை போகும். 1973ல் பிளம், ஃபிளாய்ட், பிராட், ரிவெஸ்ட், டார்ஜன் ஐவரும் சேர்ந்து மோசமான நிலையிலும் ஓ(ந) தாண்டாத முறையைக் கொடுத்தார்கள். எண்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தால் இரண்டு ஹீப் (பெரியதோ சிறியதோ எப்போதும் உச்சியில் நிற்கும் அமைப்பு) வைத்துக்கொள்வது வழக்கம். ஒன்றில் சிறிய பாதி, அதன் உச்சியில் அந்தப் பாதியின் பெரியது. இன்னொன்றில் பெரிய பாதி, உச்சியில் அதன் சிறியது. அங்கேயும் அதே வெட்டுதான், ஹீப் உருவில்.

---

நடுநிசி நிரலர் எழுதியது:

நிரலில் இன்னும் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன, சொல்லிவிடுகிறேன்.

இ-யைக் கணக்கிடும்போது (கீழ் + மேல்)/2 என்று எழுதாமல் கீழ் + (மேல் − கீழ்)/2 என்று எழுதியதற்குக் காரணம் ஓவர்ஃப்ளோ. 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு 2147483647. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் எதிர்ம எண்ணாகிவிடும். ஜாவாவின் நிலையான நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சிலேயே இந்தப் பிழை சுமார் 9 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. 2006ல் ஜோஷுவா பிளாக் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார்.

இந்தக் கணக்கில் அதைவிட எளிதாக மாட்டும் இடம் கடைசி வரி. நடுவில் இருக்கும் இரண்டும் 2000000000 என்று வைப்போம். ஜாவாவில் முழு எண்ணாகவே கூட்டினால் −294967296 வரும், பாதி −147483648. விடை 200 கோடி என்று இருக்க வேண்டிய இடத்தில் எதிர்ம எண்! கூட்டுவதற்கு முன்பே இரண்டையும் தசம வகைக்கு மாற்றிவிடுங்கள். எதிர்ம எண்களுக்கும் அது நல்லது. −3, −2 இரண்டின் சராசரி −2.5, முழு எண் வகுத்தல் என்றால் சி மொழியில் −2, பைத்தானின் இரட்டைச் சாய்கோட்டு வகுத்தலில் −3.

---

தேன்சிட்டு எழுதியது:

நேற்று எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு வெற்றுத் திரையில் எழுதினேன். "பொய், பொய், உண்மை, உண்மை" என்ற ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றது தானாக வருகிறது. இறுக்கமான குறியா, சமக் குறியா என்று தயங்கும் இடத்தில் மட்டும் இ−1-க்கு எழுதிப் பார்த்தேன், தெளிந்துவிட்டது.

ஆழி சொன்னபடி மெர்ஜ் நிரலைத் துணைக்கு வைத்துச் சோதித்தேன். பெரிய அரேக்களைவிடக் குட்டி அரேக்களே அதிகம் பயன்பட்டன: ஒவ்வொன்றிலும் 0 முதல் 6 எண்கள், மதிப்புகள் 0 முதல் 4-க்குள். மதிப்பின் எல்லை சிறியதாக இருப்பதால் ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது, காலி அரே வருகிறது, ஒன்று முழுக்க மற்றதுக்கு முன்னால் நிற்கும் நிலையும் வருகிறது. இந்த அளவில் எல்லாச் சேர்க்கையையும் விடாமல் ஓட்டிவிடலாம். எல்லாம் பொருந்துகிறது.

அடுத்த கேள்வி: இரண்டுக்குப் பதில் மூன்று, பத்து, நூறு அரேக்கள் என்றால் வெட்டு முறையை நீட்ட முடியுமா?

---

குறிஞ்சி எழுதியது:

நேராக நீட்ட முடியாது. இரண்டு அரேயில் இ தெரிந்தால் ஜ தெரிந்துவிடும். மூன்றில் ஒன்று தெரிந்தால் மற்ற இரண்டும் இன்னும் ஆடிக்கொண்டே இருக்கும்.

அங்கே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். முழு எண்கள் என்றால் மதிப்பின் மேலேயே பைனரி சர்ச் செய்யுங்கள். ஒரு மதிப்பை எடுத்து அதற்கு வ என்று பெயர் வைப்போம். "வ அல்லது அதற்குக் கீழே மொத்தம் எத்தனை பேர்" என்று ஒவ்வொரு அரேயிலும் ஒரு பைனரி சர்ச்சில் எண்ணிக் கூட்டிக்கொள்ளலாம். அந்தக் கூட்டுத்தொகை பாதியை எட்டும் மிகச் சிறிய வ எதுவோ அதுதான் இடது பக்கத்தின் பெரியது. வ கூடினால் எண்ணிக்கை குறையாது, எனவே இங்கேயும் பொய், பொய், உண்மை, உண்மைதான். 32 பிட் எண்களுக்கு அதிகபட்சம் 32 சுற்று, அரேக்கள் எத்தனை இருந்தாலும்.

---

தேன்சிட்டு எழுதியது:

ஆனால் வ என்பது எந்த அரேயிலும் இல்லாத ஓர் எண்ணாக வந்து நின்றுவிடாதா?

---

குறிஞ்சி எழுதியது:

நிற்காது. எந்த அரேயிலும் இல்லாத எண் என்றால் வ−1-க்கும் வ-வுக்கும் எண்ணிக்கை ஒன்றே. அப்படியானால் வ−1-லேயே பாதியை எட்டியிருக்கும், வ மிகச் சிறியதாக இருக்க முடியாது. மொத்தம் இரட்டைப்படை என்றால் மட்டும், பாதி+1-வது எண்ணுக்காக இதையே இன்னொரு முறை ஓட்டிவிட்டு, இரண்டையும் தசமத்துக்கு மாற்றிச் சராசரி எடுங்கள்.